ஏழாம் நம்பர் இல்லாத புதன்

அந்த ஹோட்டல் சமையலறையில் அவளுக்கு டிகிரி என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. நுண்ணுயிரியலில் பட்டம் வாங்கி வந்தவள் என்பதால் முதல் வாரமே ஒட்டிக்கொண்டது. அவளுடைய வேலையே ஃபிரிட்ஜ்களின் வெப்பநிலையை எழுதி வைப்பதுதான் என்று தெரிந்த பிறகு பெயர் இரட்டிப்பாகப் பொருந்திப் போனது. "டிகிரி வருது, டிகிரி எடுக்க" என்பார்கள். அவள் சிரிப்பாள். பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றும். என்ன சொல்லலாம் என்று யோசித்து முடிப்பதற்குள் அடுப்பு வரிசையைத் தாண்டிப் போயிருப்பாள்.

சமையலறையில் பதினான்கு ஃபிரிட்ஜ்கள். கதவில் வெள்ளை பெயின்டில் எண். காலை எட்டு, பதினொன்று, இரண்டு, ஐந்து என்று நாளைக்கு நான்கு வேளை பார்த்து எழுத வேண்டும். மொத்தம் ஐம்பத்தாறு எண்கள். எதுவும் ஐந்து டிகிரியைத் தாண்டக் கூடாது.

முதல் மாதம் அவள் ஒவ்வொரு கதவையும் திறந்து, உள்ளே தெர்மாமீட்டரை வைத்து, மூன்று நிமிடம் காத்திருந்து எழுதினாள். வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று காய் நறுக்குபவர்கள் முணுமுணுத்தார்கள். இரண்டாவது மாதம் கதவின் மேல் மினுங்கும் சிவப்பு எண்ணை மட்டும் பார்த்து எழுதினாள். அதற்கப்புறம் நடைவழியில் நின்றபடியே எட்டிப் பார்த்து எழுதினாள். ஒரு வருடம் போன பிறகு, காய்கறி அறைக்குப் பக்கத்திலிருந்த தன் மேஜையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

பொய் எழுதுகிறோம் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. ஷீட் நிரப்புகிறோம் என்றுதான் தோன்றியது. எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். "ஷீட் நிரப்பியாச்சா?" என்று செஃப் கேட்பார். பார்த்தாச்சா என்று யாரும் கேட்டதில்லை.

நிரப்புவதிலும் ஒரு நேர்த்தி இருந்தது. நான்கு, நான்கு, நான்கு, நான்கு என்று எழுதினால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். உண்மையான அளவீடு கொஞ்சம் சிதறும் என்று அவள் கல்லூரியில் படித்திருந்தாள். அதனால் 3.9 என்று தொடங்குவாள். காய்கறி லாரி வந்து கதவு அடிக்கடி திறக்கும் பதினொரு மணிக்கு 4.2. இரண்டு மணிக்கு 3.7. பழைய ஃபிரிட்ஜ்களுக்குக் கொஞ்சம் கூட்டியும் புதியவற்றுக்குக் குறைத்தும் போடுவாள். போன வருடம் தணிக்கைக்கு வந்தவர் அவளுடைய ஷீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மற்ற ஹோட்டல்காரர்கள் இவளிடம் வந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது. பெருமையிலா, வேறெதிலா என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை.

ஹோட்டலுக்கு ஒரு நெறிமுறைப் புத்தகம் உண்டு. பச்சை அட்டை, பன்னிரண்டு விதிகள். வருட முதல் வாரத்தில் எல்லோரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துக்கு முன்னால் யாராவது சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். படித்தவள் என்பதால் அந்த வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது. பணியாளர் சாப்பாட்டு அறையில் தட்டுச் சத்தத்துக்கு நடுவே நின்று படிப்பாள். ஒன்பதாவது விதி: கண்டதை எழுது, எழுதியதற்குப் பொறுப்பேற்றுக்கொள். அவள் குரல் மூன்றாவது மேஜையைத் தாண்டாது. யாரும் கேட்டதில்லை. அவளும்தான்.

ஒரு வியாழக்கிழமை மதியம் ஒரு கம்பெனிக்கு விருந்து. நாற்பது பேர். சாப்பாட்டின் முடிவில் கஸ்டர்ட். சாயங்காலம் ஆறு மணிக்குள் பதினோரு பேருக்கு வாந்தி. மூன்று பேர் ஒரு நாள் மருத்துவமனையில் படுத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். யாருக்கும் உயிர் ஆபத்து இல்லை. ஆனால் கம்பெனி எழுத்தில் விளக்கம் கேட்டது. யாரையாவது கைகாட்டாமல் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத முடியாது.

மீந்த கஸ்டர்டை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். புதன்கிழமை காய்ச்சிய கஸ்டர்ட் பல மணி நேரம் சரியான குளிரில்லாமல் இருந்திருக்கிறது என்று மறுநாள் காலையிலேயே முதல் அறிக்கை வந்தது. பாலும் முட்டையும் சேர்ந்த பண்டம். அதில் கிருமி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். கணக்குப் போட்டுப் பார்க்க அவளுக்குத் தெரியும். போட்டுப் பார்த்தாள். பெரிய எண்ணாக வந்தது. அதை ஒரு எண்ணாகவே பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை பணியாளர் பிரிவு மேடம் அவள் மேஜைக்கு வந்தார். மேடம் எப்போதும் நின்றுகொண்டேதான் பேசுவார்.

"கஸ்டர்ட் வைக்கிற ஃபிரிட்ஜ் எது?"

"ஏழு, மேடம்."

"புதன்கிழமை ஷீட்டை எடு."

எடுத்துக் கொடுத்தாள். ஏழாம் நம்பருக்கு நேரே 3.9, 4.2, 3.7, 4.0. மேடம் நான்கையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஃபிரிட்ஜ் நல்லாத்தான் இருந்திருக்கு. அப்ப ஆள்தான்" என்று சொல்லிவிட்டு ஷீட்டோடு போய்விட்டார்.

ஆள் என்றால் சர்க்கரை அண்ணன். இனிப்புப் பகுதியில் பதினேழு வருடமாக இருப்பவர். செய்வதும் சர்க்கரை, உடம்பில் இருப்பதும் சர்க்கரை. தான் செய்ததை நாக்கு நுனியில் தொட்டு ருசி பார்த்துவிட்டுத் தொட்டியில் துப்பிவிடுவார். "வியாதிக்கும் எனக்கும் ஒரே பேரு. கூப்பிட்டா ரெண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம்" என்பார். மனைவியோடும் பள்ளிக் கடைசி வகுப்பில் படிக்கும் மகளோடும் ஹோட்டலுக்குப் பின்னாலிருக்கும் பணியாளர் குடியிருப்பில் இருந்தார். அவருக்கு அன்றைக்கே நோட்டீஸ் போனது. ஃபிரிட்ஜ் நல்ல நிலையில் இருந்தும் அலட்சியமாகக் கஸ்டர்டை வெளியே வைத்தது நெறிமுறை மீறல். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும், பதினைந்து நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நெறிமுறை மீறல் என்று எழுதி வெளியே அனுப்பப்பட்டவரை வேறெந்த ஹோட்டலும் தொடாது. எடுப்பதற்கு முன் எல்லோரும் பழைய இடத்துக்குப் போன் போட்டுக் கேட்பார்கள்.

சனிக்கிழமை அவர் அவளிடம் வந்தார். நோட்டீஸ் நான்காக மடித்துச் சட்டைப் பையில் இருந்தது.

"டிகிரி, ஒரு நிமிஷம் ஆகுமா?"

"சொல்லுங்கண்ணே."

"ஏழாம் நம்பரைக் கழட்டி எடுத்துட்டுப் போனது என்னைக்குன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "கழட்டினாங்களா?"

"அப்படித்தான் நான் நினைச்சுக்கிட்டிருக்கேன்" என்றார். நாற்காலி இல்லாததால் உருளைக்கிழங்கு மூட்டையின் விளிம்பில் உட்கார்ந்தார். "புதன்கிழமை கஸ்டர்ட் காய்ச்சி பன்னெண்டு தட்டுல ஊத்திட்டு, ஏழைத் திறக்கலாம்னு திரும்பறேன், சுவர்தான் இருக்கு. தரையில சதுரமா தூசி. செஃப்கிட்டப் போய்ச் சொன்னேன். சமாளிங்கன்னாரு. மத்த ஃபிரிட்ஜெல்லாம் பார்ட்டிக்கு நெறஞ்சு கிடக்கு. ஏசியைக் குறைச்சு வெச்சு, தட்டுக்கடியில ஐஸைக் கொட்டி, எங்க இனிப்பு ரூம்லயே வெச்சேன். இப்படித்தான் என் மண்டையில இருக்கு."

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நேத்து மேடம் உன் ஷீட்டைக் காட்டினாங்க. புதன்கிழமை ஏழு அங்கதான் இருந்திருக்கு. காலைல மூணு புள்ளி ஒம்போது. நாலு வேளையும் போட்டிருக்கே. செஃபைக் கேட்டா, அப்படி எதுவும் நீங்க வந்து சொல்லலியேங்கறாரு." அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தபடி பேசினார். "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும். அப்ப எனக்குத்தான் நாள் குழம்பிப் போச்சு போல. வீட்டுலயும் சொல்றா. போன வாரம் கேஸை அணைக்காம வந்துட்டேனாம்."

"அண்ணே..."

"நீ படிச்ச பொண்ணு. ஒண்ணு சொல்லு. சர்க்கரை முத்திப் போனா, இருக்கற பொருள் இல்லாத மாதிரி தெரியுமா?"

"தெரியலண்ணே" என்றாள்.

அது உண்மையான பதில்தான். அவள் அதைப் படித்ததில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு மூட்டையிலிருந்து எழுந்தார். பின்பக்கம் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு அவள் உள்ளுக்குள் எதையோ தேடினாள். கால் மரத்துப் போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி. எதிரே ஷீட்டில் இரண்டு மணிக்கான கட்டங்கள் காலியாக இருந்தன. பேனாவை எடுத்து நிரப்பினாள். பதினான்கும் முடிந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது.

எழுந்து கீழ்த்தளத்துக்குப் போனாள். பழுது பார்ப்பவர் அங்கே ஒரு மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை எல்லோரும் ஸ்பேனர் என்பார்கள். வீட்டில் மனைவி கூட அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்று ஒரு பேச்சு உண்டு.

"ஏழாம் நம்பரை எடுத்தது என்னைக்குண்ணே?"

"புதன்" என்றார், நிமிராமல். "காலைல ஏழரைக்குக் கழட்டித் தள்ளுவண்டியில கீழ கொண்டாந்தேன். கம்ப்ரஸர் போயிருந்துச்சு. மாத்தி, வியாழக்கிழமை காலைல கொண்டு போய் வெச்சுட்டேன்."

"பேப்பர் இருக்கா?"

"பேப்பர் போட்டா செஃப் கையெழுத்து, மேனேஜர் கையெழுத்து, அதுக்கே மூணு நாள் ஆகும். சத்தமில்லாம முடிச்சுருன்னு செஃப்தான் சொன்னாரு. பேப்பர் இல்லாத வேலை நடக்காத வேலை, டிகிரி."

"நீங்க விசாரணையில வந்து சொல்லலாமே."

"பேப்பர் போடாம பெட்டியைத் தூக்கினேன்னு நானே போய் வாக்குமூலம் குடுக்கணுமா? ரெண்டு பிள்ளைங்க எனக்கு."

"அப்ப செஃப்?"

"அவருக்கென்ன. சுவர்ல நீ ஒட்டின போஸ்டர்ல போட்டிருக்கற மாதிரியே சோப்புப் போட்டு இருபது செகண்ட் கை கழுவிட்டாரு." ஸ்பேனர் சிரித்தார். பிறகு முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. இங்க தரையில அதோட கம்ப்ரஸரைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு நான் உக்காந்திருக்கேன். நீ மேல அதுக்கு நாலு வேளையும் டிகிரி எழுதியிருக்கே. திறந்து பார்த்தப்ப உள்ள என்ன இருந்துச்சு?"

அவள் மாடிப்படியை நோக்கி நகர்ந்தாள்.

"சும்மா கேட்டேன்மா" என்று அவர் மிக்ஸிக்குத் திரும்பினார். "செத்தவன் கையைப் பிடிக்காமயே நாடி நல்லாருக்குன்னு எழுதின டாக்டரை இப்பத்தான் பாக்கறேன்."

மாடிப்படியில் ஏறும்போது அவள் அதைச் சரியாக வரிசைப்படுத்திக்கொண்டாள். ஸ்பேனர் சொல்ல மாட்டார். செஃப் சொல்ல மாட்டார். சர்க்கரை அண்ணன் சொன்னார், ஆனால் ஷீட்டைப் பார்த்துவிட்டு அவரே தன் பேச்சை நம்பாமல் போய்விட்டார். மிச்சம் ஒருத்திதான். அவள் வாயைத் திறந்தால் அவள் வேலை போகும். திறக்காவிட்டால் அவர் வேலை போகும், வீடு போகும், தன் புத்தி மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையும் போகும். இதையெல்லாம் ஒரு தேர்வுத் தாளில் எழுதுவதைப்போலத் தெளிவாக அவளால் நினைக்க முடிந்தது. அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. ஐந்து மணிக்கான எண்களை நேரில் போய்ப் பார்த்து எழுதினாள். ஏழாம் நம்பர் 4.6 காட்டியது. ஒன்பதாம் நம்பரின் சிவப்பு எண் எரியவே இல்லை. எத்தனை நாளாக எரியவில்லை என்று அங்கிருந்தவர்களைக் கேட்டாள்.

"அதுவா?" என்றான் காய் நறுக்குபவன். "அது அணைஞ்சு மாசக்கணக்காச்சு. உனக்குத் தெரியாதா?"

அவள் வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி, அண்ணனின் நான்கு வயது மகள். இரண்டு அறைகள். அம்மாவும் அவளும் முன்னறையில் படுப்பார்கள். அண்ணன் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு வாசிப்பவன். குடும்பத்தின் குரல் முழுவதையும் அவனே எடுத்துக்கொண்டான் என்று அண்ணி கேலி செய்வாள்.

திங்கட்கிழமை அவள் வீடு திரும்பியபோது குழந்தை அண்ணியின் மடியில் சுருண்டு கிடந்தாள்.

"மத்தியானத்துலேர்ந்து சுடுது. கொஞ்சம் பாரேன்" என்று அண்ணி தெர்மாமீட்டரை நீட்டினாள். "நான் வெச்சா நிக்க மாட்டேங்கறா. அத்தைன்னா சத்தம் போட மாட்டா."

அவள் அதைக் குழந்தையின் அக்குளில் வைத்துக் கையை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். குழந்தையின் மூச்சு அவள் மணிக்கட்டில் சுட்டது.

"எவ்வளவு இருக்கு?" என்று அண்ணி கேட்டாள்.

"தொண்ணூத்தொம்போது புள்ளி ரெண்டு."

குழந்தையின் நெற்றியை வருடிக்கொண்டிருந்த அண்ணி கையை நிறுத்தினாள். "அது இன்னும் கத்தவே இல்லியே."

பிறகுதான் தெர்மாமீட்டர் பீப் என்று கத்தியது. எடுத்துப் பார்த்தாள். 101.8.

"நூத்தி ஒண்ணு புள்ளி எட்டு" என்றாள்.

"அப்ப முதல்ல என்ன சொன்னே?"

"தெரியல அண்ணி. வாய்ல வந்துருச்சு."

"வாய்ல வந்தா சொல்லிடறதா? விளையாட்டா இது? மருந்து குடுக்காம விட்டிருப்பேன்ல." அண்ணி கோபப்படக்கூட நேரமில்லாமல் மருந்தை எடுக்கப் போனாள். குழந்தை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

மருந்து இறங்கி, குழந்தை வியர்த்து, சூடு குறையும்வரை அவள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தெர்மாமீட்டர் வைத்தாள். ஒவ்வொரு முறையும் அது கத்தும்வரை காத்திருந்தாள். போதும், தூங்கட்டும் விடு என்று அண்ணி சொல்லும்வரை.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, எனக்கு வேலை போயிடலாம்."

"ஏன், எதையாவது எடுத்தியா?"

"இல்ல."

"யாரையாவது எதுத்துப் பேசினியா? நீயாவது பேசறதாவது."

"எழுதினேம்மா."

அம்மா ஒரு துண்டை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள். "எழுதறதுதானே உன் வேலை" என்றாள்.

செவ்வாய்க்கிழமை விசாரணை சின்ன விருந்து அறையில் நடந்தது. மேஜைக்கு வெள்ளை விரிப்பு, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். மேனேஜர், மேடம், செஃப் மூவரும் நெறிமுறைக் குழு. மூவருக்கும் முன்னால் பச்சைப் புத்தகம் ஒவ்வொன்று. அவள் உள்ளே போனபோது சர்க்கரை அண்ணன் வெளியே வந்துகொண்டிருந்தார். சவரம் செய்து, விசேஷத்துக்குப் போவதுபோல் சட்டை போட்டிருந்தார். அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு நடைவழி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"உக்காரும்மா" என்றார் மேனேஜர். குரலில் பாதி வேலை முடிந்த நிம்மதி இருந்தது. "பெரிசா ஒண்ணுமில்ல. அவரே ஒத்துக்கிட்டாரு. ஞாபகம் சரியில்ல சார், ஷீட்ல இருக்கறதுதான் சரின்னு எழுதிக் குடுத்துட்டாரு. பாவம்தான். என்ன பண்றது. ஷீட் உன்னோடதுன்னு நீ சொல்லிட்டா முடிஞ்சுது."

மேடம் புதன்கிழமை ஷீட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "இது உன் கையெழுத்துதானே? ஆமான்னா போதும்."

"ஆமா மேடம்."

மேடம் எழுதத் தொடங்கினார்.

"ஆனா நான் பார்க்கல" என்றாள்.

"என்ன பார்க்கல?" என்றார் மேனேஜர்.

"ஏழாம் நம்பரை. அன்னைக்கு அது அங்க இல்ல சார். கீழ்த்தளத்துல கழட்டிக் கிடந்துச்சு. நான் மேஜையில உக்காந்து எழுதினேன். அண்ணன் சொன்னதுதான் சரி."

அவள் குரல் மூன்றாவது மேஜையைத் தாண்டாத குரல்தான். ஆனால் அங்கே ஒரு மேஜைதான் இருந்தது.

செஃப் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார். "டிகிரி, யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுட்டேன் செஃப். நீங்கதான் சமாளிக்கச் சொன்னீங்களாம்."

செஃப் மூடியைத் திருகித் திரும்ப மூடினார்.

மேனேஜர் மேடத்தைப் பார்த்துக் கையை லேசாக உயர்த்தினார். "இதை எழுத வேண்டாம்." பிறகு அவளிடம் திரும்பி, குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். "இதோ பாரும்மா. ஒரு ஷீட் பொய்யின்னா எல்லா ஷீட்டும் பொய்யி. தரச் சான்று போயிடும். விருந்து ஒண்ணும் வராது. நூத்தம்பது பேர் சாப்பிடற சோறு இது. நீ நல்ல பொண்ணு, யாருக்கோ பாவம் பார்க்கறே, புரியுது. வெளிய போய்க் கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வா. வந்ததும் மறுபடி முதல்லேர்ந்து கேக்கறேன்."

அவர் பேசியதெல்லாம் அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. நூற்றைம்பது என்பதும் ஒரு எண். அவள் அதை மறுக்கவில்லை. மேஜையிலிருந்த பேனாவை எடுத்தாள்.

பதிவேட்டில் தவறு நேர்ந்தால் அழிக்கக் கூடாது. மேலே எழுதி மறைக்கவும் கூடாது. தவறான எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு போட வேண்டும், பழைய எண் படிக்கத் தெரிகிற மாதிரி. பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் முதல் வருடம் சொல்லித் தருவது அதுதான். 3.9 மேல் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டாள். 4.2 மேல் ஒரு கோடு. பார்க்கவில்லை.    வழக்கமான கையெழுத்தே வந்தது.

நான்காவதை முடித்தபோது செஃப் எட்டி ஷீட்டின் ஓரத்தைப் பிடித்தார். மேடம் அதன் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"எடுக்காதீங்க செஃப்."

"மேடம், சார்தான் சொல்றாரே, எழுத வேண்டாம்னு."

"நான் எழுதலியே. அந்தப் பொண்ணு எழுதியிருக்கு. திருத்தினதும் பதிவுதான். கிழிச்சா நாம மூணு பேரும் கிழிச்சதா ஆகும்."

மேடம் நல்லவரா என்று அவளுக்குத் தெரியாது. மூன்று வருடத்தில் ஒருமுறை கூட அவர் சிரித்துப் பார்த்ததில்லை. விதி தெரிந்தவர், அவ்வளவுதான்.

"இந்த ஒரு நாள் மட்டும்தானா?" என்று மேடம் கேட்டார்.

"இல்ல மேடம்."

"எத்தனை நாள்?"

அவள் கணக்கிடப் பார்த்தாள். "பார்த்து எழுதினதைச் சொல்றது சுலபம் மேடம்" என்றாள். "முதல் வருஷம் பார்த்தேன், சரியாவோ அரைகுறையாவோ. அப்புறம் இல்ல. போன சனிக்கிழமை அஞ்சு மணிக்கு ஒரு தடவை பார்த்தேன்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேஜை விரிப்பில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"அவர் நோட்டீஸைத் திரும்ப வாங்கிடுங்க" என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். "இவளுக்கு ஒண்ணு அடிங்க. ஷீட் எல்லாத்தையும் பூட்டி வைங்க. செஃப், நீங்க இருங்க."

அவள் வெளியே வந்தாள். சர்க்கரை அண்ணன் முழங்கால் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சுதா? உன்னையும் ரொம்ப நேரம் உக்கார வெச்சுட்டாங்க, பாவம்."

"உங்க நோட்டீஸை எடுத்துடுவாங்கண்ணே. வேலை போகாது." மிச்சத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. "உங்களுக்கு மறதியெல்லாம் இல்ல. புதன்கிழமைதான். ஏழு அங்க இல்ல."

"ஷீட்ல இருக்கே."

"நான் பார்க்காம எழுதினேன்."

"பார்க்காமன்னா?"

"என் மேஜையில உக்காந்துக்கிட்டு."

"அன்னைக்கு மட்டுமா?"

"தினமும்ணே."

அவர் அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் தனக்குள் ஏதாவது அசையும் என்றுகூட நினைத்தாள். அவர் திட்டவில்லை. நோட்டீஸைப் பையிலிருந்து எடுத்து, பிரித்து, ஒரு முறை படித்து, மறுபடி மடித்து வைத்துக்கொண்டார்.

"நேத்து டாக்டர்கிட்டப் போனோம்" என்றார். "மூளைக்குப் பாக்கற டாக்டர். பொண்ணும் வரேன்னு ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு வந்துச்சு. டாக்டரு மூணு பொருள் பேரைச் சொல்லிட்டு, வேற என்னென்னவோ பேசிட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சு அந்த மூணையும் திருப்பிச் சொல்லுங்கன்னாரு. பூட்டு, குடை. மூணாவது வரல. பொண்ணு அங்கயே அழுதுருச்சு."

"பதட்டத்துல வந்திருக்காதுண்ணே. உங்களுக்கு ஒண்ணுமில்ல. புதன்கிழமை நீங்க சொன்னதுதான் சரி."

"ம்."

அவர் சுவரைப் பார்த்தபடி உதட்டை அசைத்தார். பூட்டு, குடை. அவள் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே செஃப் ஏதோ சொல்வதும் மேனேஜர் குறுக்கிடுவதும் கேட்டது. வார்த்தைகள் பிடிபடவில்லை.

"மன்னிச்சுருங்கண்ணே" என்றாள்.

 அது அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. கையை மெதுவாக ஆட்டினார், போ என்பதுபோல.

"நீ போம்மா. நான் அந்தப் புதன்கிழமையை ஒரு தடவை முதல்லேர்ந்து நினைச்சுப் பார்த்துக்கறேன்."